கூவி விற்கிற சரக்கா?

ராக்கெட் என்ஜின் செய்யும் சின்னக் கம்பெனிகள்கூட சர்வதேச விண்வெளி மாநாட்டில் ஸ்டால் போடுகின்றனவே! ராக்கெட் என்ன, கூவி விற்கிற சரக்கா?
– வாசகி, தென்காசி

சாட்டிலைட் வைத்திருப்பவரும் பணம் போடுபவரும் ஒரே கூரையின் கீழ் வேறெங்கே சிக்குவார்கள்? தாராளமாகக் கூவட்டும். சரக்கும் சேர்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

பேசுகிற சரக்குக்கு உதாரணம், சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் என்ஜின்: த்ரீ-டி பிரிண்டரில் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக அச்சிட்டெடுத்தது. ராக்கெட்டை ஏவும் முயற்சி நான்கு முறை நின்றுபோனது. அசரவில்லை, 2024 மே 30 காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்தே அதைப் பறக்கவிட்டார்கள் நம் பிள்ளைகள்!

இதே மாநாடு 2007இல் ஹைதராபாத்தில் நடந்தது. அன்று ஸ்டாலில் வைக்க, விண்ணுக்குப் பறந்த இந்தியத் தனியார் ராக்கெட் ஒன்றுகூட இல்லை.