சாலைக்கு நான்கு வழி, நிலத்துக்காரருக்கு ஒரு வழி

திருவில்லிபுத்தூர் வழியாக இராஜபாளையம் செல்லும் 744-ஆம் தேசிய நெடுஞ்சாலையை நான்குவழியாக்க நிலம் கொடுத்தவர், இழப்பீடு போதாதெனில், 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி ‘நடுவர்’ ஒருவரிடம் முறையிடலாம். நடுவர் என்பவர் இரு தரப்புக்கும் பொதுவானவர் என்பது உலக வழக்கு, இங்கோ நிலத்தை எடுக்கும் மத்திய அரசே அவரையும் நியமிக்கும், பெரும்பாலும் அவர் மாவட்ட ஆட்சியராகவே இருப்பார்.

திருவில்லிபுத்தூரை அடுத்த மலைக்கு அந்தப் பக்கம், தேனி வழிச் சாலைகளுக்காக எழுந்த ஹக்கீம் வழக்கில், சதுர மீட்டருக்கு 46.55 முதல் 83.15 ரூபாய் வரை என்ற மதிப்பை ஆட்சியர் அப்படியே ஏற்க, மாவட்ட நீதிமன்றம் அதை 645 ரூபாயாக்கியது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நடுவர் தீர்ப்பை நீதிமன்றங்கள் நீக்கலாமேயன்றித் திருத்தலாகாது என்று கண்டிப்புடன் விளக்கிவிட்டு, திருத்திய அந்தத் தொகையில் மட்டும் கைவைக்காமல் விட்டது. சட்டமும் பிழைத்தது, உழவரும் பிழைத்தார்.

2024 நவம்பரில், அரசு ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே தன்னிச்சையாக நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கு முரண் என உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. சாலை போடும் ஒப்பந்தக்காரருக்கு அது நற்செய்தி. நிலம் கொடுத்தவரிடம் இருப்பதோ ஒப்பந்தமன்று, அரசிதழ் அறிவிப்பு. 2025 ஏப்ரலில் மற்றோர் ஐவர் அமர்வு, ஹக்கீம் வழக்கில் சொன்னதற்கு மாறாக, நடுவர் தீர்ப்பைக் குறுகிய எல்லைக்குள் நீதிமன்றங்கள் திருத்தவும் செய்யலாம் என்றது.