கையெழுத்து யோகம்

கையெழுத்து நன்றாயிருப்பவனுக்குத் தலையெழுத்து நன்றாயிராது என்று பெரியோர் சொல்லி வைத்ததை வேதவாக்காகப் பாவித்து, உத்தியோக காலம் முழுவதும் என் கிறுக்கலை ஒரு ரக்ஷையைப்போல் காப்பாற்றி வந்தவன் நான்; என் குறிப்புகளை ஒருவராலும் வாசிக்க முடியாத காரணத்தால் அவற்றை ஒருவரும் ஆக்ஷேபித்ததில்லை என்பதையும் விநயத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தவர் மௌலானா ஜாபர் தானேசரி. வடக்கே தானேசர் என்னும் ஊரில் மனு எழுதிக் கொடுத்து ஜீவனம் செய்துவந்த அவருக்கு, 1864ஆம் வருஷத்து அம்பாலா ராஜத்துரோக வழக்கில் முதலில் தூக்கும், பிறகு அதற்குப் பதிலாக ஆயுள் பரியந்தம் தீவாந்தர சிக்ஷையும் விதிக்கப்பட்டன. 1866 ஜனவரியில் அவர் போர்ட் பிளேயரில், அதாவது இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் எங்கள் ஊரில், வந்து இறங்கியபோது, மற்றக் கைதிகள் கோடரியும் மண்வெட்டியுமாகக் காடு வெட்டப் போக, எழுதப் பழகிய கை என்பதற்காக அவரை ஆபீஸில் முன்ஷியாக உட்கார்த்திவைத்தார்கள். அவருடைய எழுத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மாஜிஸ்திரேட்டுக்குப் புரியாத எழுத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மனு எழுதிப் பிழைத்திருக்க முடியாது. இங்கேயே இங்கிலீஷும் கற்றார். அப்படியும் 1883 வரையில் இங்கேதானே இருந்தார் என்று கேட்பீர்களானால், நல்ல எழுத்து நாற்காலியை வாங்கித் தருமேயொழியக் கப்பல் டிக்கெட்டை வாங்கித் தராது என்பதை மறுக்கவில்லை.

நாற்காலியாவது கிடைக்கிறதே என்று, நாலு கோடு நோட்டில் கர்சிவ் எழுதும் என் பேத்தியிடம் சிஷ்யனாகச் சேர்ந்தேன். நிப்பு மேலேறுகையில் மயிரிழையாகவும், கீழிறங்குகையில் அழுத்தமாகவும் கோடு விழவேண்டும். எழுத்துகளெல்லாம் ஏறக்குறைய 55 பாகையில் சாய்ந்து, ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போகவேண்டும். நம் அக்ஷரங்களோ ஓலையில் எழுத்தாணி ஓடிய காலத்து உருட்சியைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவை. அவற்றை உருட்டியே வளர்ந்த கை, சாய் என்றால் சாய்ந்துவிடுமா? “தாத்தா, நடுவிலே கையைத் தூக்காதீங்க!” என்று அவள் அதட்டுகையில், மேலதிகாரிகள் பலரிடம் காணாத கண்டிப்பைக் கண்டேன். பெரிய ‘க்யூ’ என்று அவள் எழுதிக் காட்டியது சாக்ஷாத் இரண்டு என்னும் எண்ணாகவே இருந்தது. ஏனம்மா இப்படி என்று வினவியதற்கு, “அது அப்படித்தான் தாத்தா” என்றாள். மனுதாரர்களுக்கு நான் வருஷக்கணக்காக அளித்துவந்த அதே பதில்.

இவ்வளவுக்கும் மேலே சமுத்திரக் காற்று. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இவ்வூரில், காகிதம் அலமாரிக்குள் இருந்தபடியே நமுத்துப் போகிறது. அதில் எத்தனை சிரத்தையுடன் எழுதினாலும், மை ஊறிப் பரவி, மயிரிழைக்கும் அழுத்தக் கோட்டுக்கும் பேதமற்ற பரம சமரச நிலையை எய்திவிடுகிறது.

ஆகையால் இத்தீவில் இந்த வித்தையைப் பயில எண்ணுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஜனவரியில் தொடங்குங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை வந்து சேர்வதற்குள் சிறிய எழுத்துகள் இருபத்தாறையும் முடித்துவிடலாம்; பெரிய ‘க்யூ’வை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.