மூலிகை அண்ணாச்சி

கோடை விடுமுறையில் தாமிரபரணிக் கரையோரம் காட்டுப்பூ பார்க்கப் போகும் கூட்டம் எதுவானாலும், அதில் இவர் ஒருவர் இருப்பார். தோளில் துண்டு, கையில் துணிப்பை, பார்வை முழுக்கத் தரையில். குறுக்குத்துறை முருகன் கோயில் பக்கம் காலை 6 மணிக்குக் கூடும்போது வழிகாட்டி என்னவோ தாவரவியல் பேராசிரியர்தான். கால் மணி நேரத்தில் ஆட்சி கைமாறிவிடும்.

"இது டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்..." என்று பேராசிரியர் குனிவார்.

"நெருஞ்சிலா இது! கல்லடைப்புக்கு இத விட்டா வேற மருந்து ஏது?"

நெருஞ்சிப்பூ சூரியன் போகிற பக்கமெல்லாம் திரும்பும் என்று சொல்லப் பேராசிரியர் வாயெடுப்பதற்குள், கூட்டம் அண்ணாச்சி பக்கம் திரும்பியிருக்கும்.

அண்ணாச்சிக்குப் பூ என்று தனியாக ஒன்று கண்ணில் படாது. கரைமேட்டில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரை, அவருக்குச் சர்க்கரை. தும்பை என்றால் சளி. கரிசலாங்கண்ணி என்றால் நரை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலர் ஒன்றுக்காவது கஷாயம் சொன்னாரா? அண்ணாச்சி பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் குறை தீர்ந்திருக்கும்.

செடிக்கு ஏற்ற நோயாளியையும் கூட்டத்திலேயே பிடித்துவிடுவார். "வேய், ஒமக்கு மூலம் இருக்குல்லா?" என்று அவர் உரக்கக் கேட்டதில் அடுத்த வாரம் வராமல் நின்றுபோனவர்கள் உண்டு. ஆரோக்கியமான இளவட்டங்களைக் கண்டால்தான் அவருக்கு மனசு ஆறாது. "ஒனக்கு ஒண்ணுமே இல்லையால?" என்பார், ஏமாற்றத்தோடு.

தண்ணீர் ஓரத்தில் இளஞ்சிவப்பாய்க் குலுங்கும் நெய்வேலிக் காட்டாமணக்கைக் காட்டி ஒரு சிறுமி, "தாத்தா, இது என்ன பூ?" என்று கேட்கட்டும். அமெரிக்காவிலிருந்து வந்து நம் வாய்க்கால்களை வளைத்துக்கொண்ட செடி. தின்ற ஆட்டுக்கு ஆகாது. "அது ஒண்ணுத்துக்கும் ஒதவாது தாயி, நீ வா." அந்தப் பிள்ளை பூ அழகாயிருக்கிறது என்றுதான் நின்றது.

நடை முடிந்து டீக்கடையில் ஒதுங்கும்போது பேராசிரியர் மெல்ல அருகில் வருவார். அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வார்.

"அண்ணாச்சி, இந்த முழங்கால் வலிக்கு..."

துணிப்பையிலிருந்து முடக்கத்தான் வெளியே வரும். தோசை மாவில் அரைத்துக் கலக்கும் பக்குவத்தோடுதான். லத்தீன் பெயர் கேட்கப் பேராசிரியருக்கே தோன்றாது.

இந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருநாள் போய் வாருங்கள். அவர் சொன்னதை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள். ஊமத்தைக்கும் அவரிடம் ஒரு கஷாயம் இருக்கிறது.