காசு உங்களது, சாவி எங்களது

பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனத்துக்கு யாராவது ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். விற்ற பொருளைப் பத்தாண்டு முடிவதற்குள் திரும்ப எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் "கடைப்பக்கம் வாருங்களேன், புதுச்சரக்கு இருக்கிறது" என்று அழைப்பும் வைத்துவிட்டுப் போகிற நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்க்காது. வீடு புகுந்த திருடன்கூடச் சுவரேறி ஓடத்தான் பார்ப்பான்.

எடுத்துக்கொண்ட பொருளின் பெயர் 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய கேம். அமெரிக்காவையே சுருக்கி உள்ளே வைத்திருந்தார்கள். ஒரு கடற்கரையில் கிளம்பி மறு கடற்கரை வரை ஓட்டிக்கொண்டே போகலாம். கதையைத் தனியாளாக ஆடி முடிக்கலாம். ஆனால் தனியாளாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும், இல்லையேல் வண்டி நகராது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். செத்ததுதான் செத்தது, பிணத்தையாவது விட்டுவைத்தார்களா? அடுத்த சில நாட்களிலேயே வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே உருவிக்கொண்டார்கள். ஆர்வக்கோளாறு பிடித்த எவனாவது சொந்தமாக ஒரு சர்வர் எழுதி அதை உயிர்ப்பித்துவிட்டால் என்ன ஆவது? கேமைத் திறக்கப் போனவர்களுக்கு, இனி இது உங்களுக்கு இல்லை, சாகசத்தைத் தொடரக் கடையைப் பாருங்கள் என்கிற தோரணையில் ஒரு செய்தி காத்திருந்தது. அந்த அழைப்பைத்தான் சொன்னேன்.

முன்னெச்சரிக்கை தரவில்லை என்று குறைப்பட முடியாது. அதே 2024 ஜனவரியில் அந்நிறுவனத்தின் சந்தாப் பிரிவு இயக்குநர் ஃபிலிப் ட்ரெம்ப்ளே ஒரு பேட்டியில் உபதேசமே செய்தார். சிடி, டிவிடி சொந்தமாக இல்லாமல் வாழ மக்கள் பழகிக்கொண்டார்கள். கேம் ஆடுபவர்களும் அப்படிப் பழகினால்தான் சந்தா முறை வளரும் என்பது அதன் சாரம். பட்டினத்தார் தன் சொத்தைத் துறந்தார். இவர்கள் நம் சொத்தைத் துறக்கச் சொல்கிறார்கள், அதுவும் மாதச் சந்தா கட்டி.

கலிபோர்னியாக்காரர்களுக்குக் கொஞ்சம் உறைத்தது. சாசுவதமாகக் கையில் தராத டிஜிட்டல் சரக்கை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்கிற கடை, நீ பெறுவது வெறும் உரிமம்தான் என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் சட்டம் போட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் அமல். பிடுங்குவதற்குத் தடை கிடையாது. கழுத்தை அறுக்கலாம், அறுப்போம் என்று முதலிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். இணையத் தொடர்பு தேவைப்படாமல் நிரந்தரமாக டவுன்லோட் செய்துகொள்ளக் கொடுக்கும் கடைகளுக்கு இந்த அறிவிப்பிலிருந்து விலக்கு உண்டு.

கணினி கேம் விற்கும் கடையான ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் இடத்தில் உரிமம் பற்றிய வரியை ஒட்டிவிட்டது. அதன் சந்தாதாரர் ஒப்பந்தம் எப்போதும் சொல்லிவந்ததுதான்; 'சந்தாதாரர்' என்ற பெயரே சொல்லியது. நாம்தான் படிக்காமல் 'சம்மதம்' தட்டினோம். இந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்ட போலந்து நாட்டு ஜிஓஜி கடை, எங்களிடம் வாங்கினால் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தருவோம், அதை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது என்று விளம்பரமே வைத்தது.

இரண்டு கடைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஜிஓஜியில் காசைக் கொடுத்தால் ஒரு கோப்பு வரும். ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தால் கடையே இழுத்து மூடினாலும் அது ஓடும். ஸ்டீம் மாதிரி, கேமைத் திறந்துவிட லாஞ்சர் என்றொரு செயலி வைத்து நடத்துகிற கடையில் கேம் உங்கள் கணினியில் நூறு ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மின்கட்டணமும் உங்களுடையது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும். பூசாரிக்கு இன்று அப்டேட். பூசாரி உங்கள் கடவுச்சொல்லை மறுபடி கேட்கிறார். பூசாரியின் சர்வருக்கு உடம்பு சரியில்லை.

லாகின், சர்வர் என்கிற இந்தப் பூட்டெல்லாம் களவைத் தடுக்கத்தானாம். களவாண்டவனிடம் இருப்பது பூட்டு உடைத்த பிரதி. அவன் லாகின் இல்லாமல், இணையம் இல்லாமல் நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கிறான். 2013இல் 'சிம்சிட்டி' என்ற நகரம் கட்டும் கேம் வெளிவந்தபோது சர்வர்கள் திணறி, முழு விலை கொடுத்தவர்கள் தங்கள் சொந்த நகரத்துக்குள் நுழைய வரிசையில் நின்றார்கள். எப்போதும் இணையத்தில் இருப்பது இந்த கேமின் ஆதார வடிவமைப்பு, மாற்றவே முடியாது என்கிற மாதிரி அதைத் தயாரித்தவர்கள் அப்போது விளக்கம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆஃப்லைன் வசதி வந்தது.

ஸ்டீமைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. லாஞ்சரை மூடிவிட்டு நேராக ஓட்டக்கூடிய கேம்கள் அங்கேயே பல உண்டு. எவை என்று கடைப்பக்கத்தில் எழுதத்தான் மனம் வருவதில்லை. 2004இல் 'ஹாஃப்-லைஃப் 2' தட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களையும் ஸ்டீமில் கணக்குத் திறக்க வைத்து ஆரம்பித்தது இந்தக் கணக்குப் பழக்கம். அன்று திட்டினார்கள். இன்று அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் பட்டியலைப் பெருமையாகக் காட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பிள்ளைக்கு உயில் எழுதி வைக்க முடியுமா? கணக்கைக் கைமாற்ற ஒப்பந்தத்தில் இடமில்லை. ஆட்டக்காரர் போனால் கூடவே ஆட்டமும் போக வேண்டும். சட்டப்படி ஓர் உடன்கட்டை.

ஜிஓஜியைக் கோயில் கட்டிக் கும்பிடவும் தேவையில்லை. தைவானின் 'டிவோஷன்' கேமை விற்கப் போவதாக 2020 டிசம்பரில் அறிவித்து, சில மணி நேரத்தில், 'ஆட்டக்காரர்களிடமிருந்து நிறையச் செய்திகள் வந்தன' என்று பின்வாங்கியது. சீன அதிபரைக் கேலி செய்த ஒரு படம் அந்த கேமில் இடம்பெற்றுப் பெரும் ரகளையானது உலகத்துக்கே தெரியும். அந்த ஆட்டக்காரர்கள் எந்த ஊர்க்காரர்களோ! 2021இல் பாதி வசதிகளுக்கு இணையம் கேட்கும் 'ஹிட்மேன்' கேமைப் பூட்டில்லாத சரக்கு என்று விற்கப் பார்த்து, வாங்கியவர்கள் விமர்சனப் பகுதியில் கிழித்துத் தொங்கவிட்ட பிறகே எடுத்தது. இரண்டிலும் எனக்கு உறைப்பது ஒன்றுதான்: அந்தக் கடையில் கத்தினால் கேட்கிறது, ஏனெனில் கடையின் ஒரே மூலதனம் அந்த வாக்குறுதி.

நமக்கும் ஒரு மாலை போடலாம். பூட்டில்லாத பிரதி அதே விலைக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்கும்போது, நண்பர்கள் எல்லாரும் இங்கேதான் என்று லாஞ்சர் கடைக்கே ஓடுகிறோம். கோடைத் தள்ளுபடியில் வாரிக் குவித்து, பாதியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஜிஓஜியில் வாங்கியவர்களிலும் அந்த இன்ஸ்டாலரை இறக்கி வைத்தவர்கள் எத்தனை பேர்? பறிக்க முடியாத பொருளைப் பறிக்கக்கூடிய இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறோம்.

'தி க்ரூ' சாவுக்குப் பிறகு எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், 2025 ஜூலையில் ஐரோப்பியக் குடிமக்களின் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: கடையை மூடும்போது கேமை ஓடும் நிலையில் விட்டுப் போ. தொழில்துறையின் சங்கம் உடனே அலறியது. இப்படியெல்லாம் கட்டாயப்படுத்தினால் கேம் தயாரிக்கும் செலவு கட்டுப்படியாகாதாம். அதே 2025 அக்டோபரில் யூபிசாஃப்ட், 'தி க்ரூ 2'க்கு இணையம் தேவையில்லாத வசதியைச் செய்து கொடுத்தது. நிறுவனம் திவாலாகவில்லை.

முதல் பாகத்தை வாங்கியவர்களுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது; அவர்களில் தட்டாக வாங்கியவர்களிடம் யூபிசாஃப்ட் மிச்சம் வைத்தது ஓடாத தட்டு. யூபிசாஃப்டின் பயனர் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது: உரிமம் முடிந்தால் கைவசம் உள்ள எல்லாப் பிரதிகளையும் வாங்கியவரே அழித்துவிட வேண்டும். சுத்தியலையாவது இலவசமாக அனுப்பி வைப்பார்கள் என்று நம்புவோம்.