மறுசாவி யாருகிட்ட?

பேராண்டி, இங்கிட்டு வந்து உக்காரு. போனைக் கொஞ்சம் கவுத்து வை. அமைச்சர் பேசுனதை எத்தனை தடவைடா போட்டுக் காட்டுவ? எந்த நோய் வந்தாலும் அரசு தயார் நிலையில இருக்காம், பொதுமக்கள் அச்சப்பட வேண்டாமாம். இம்புட்டு நாளும் நாம்பாட்டுக்குச் சும்மா இருந்தேன். அதைக் கேட்டப்புறந்தான் வயித்தைக் கலக்குது.

2017 ஏப்ரல் 21. நம்ம வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டாரே, ஞாபகம் இருக்கா? ஆடிக்காத்துல அம்மி பறக்கும்பாங்க. இது சித்திரைக் காத்துக்கே தாங்காமக் கரையில வந்து ஒதுங்கிருச்சு. ஊரே சிரிச்சுச்சு. எனக்கு மட்டும் அந்த மனுசன் மேல ஒரு மரியாதை. எல்லாரும் பாக்கத்தான் இறக்குனார். தேறுமா தேறாதான்னு நாமளும் கண்ணால பாத்துக்கிட்டோம். நோய்க்குப் பண்ற ஏற்பாட்டை எவன்டா அப்படிக் காத்துல விட்டுக் காட்டுறான்? அது பேட்டியில மட்டுந்தான் மிதக்கும்.

கொரோனாவையே எடுத்துக்க. 2020 ஏப்ரல் 16-ல முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, இன்னும் ரெண்டு மூணு நாள்ல புதுத் தொத்து பூஜ்ஜியமாயிரும்னார். அன்னைக்குப் புதுசா 25 பேரு, மொத்தம் 1,267. கணக்கு அவர் பக்கம்தான் இருந்துச்சு, பாவம். ஜூன் கடைசியில 90,000-ஐத் தாண்டிருச்சு. ஜூலையில, சென்னையில விட்டுப்போன 444 சாவைக் கணக்குல சேர்த்தாங்க. மறுவருசம் ஆட்சி மாறுச்சு, வைரஸ் அதைக் கண்டுக்கல. 2021 மே 21-ல ஒரே நாளைக்கு 36,184 பேரு.

கேரளாவுல நிபான்னு சேதி வந்தா குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுன்னு செக்போஸ்ட்டுல நெத்திக்கு நேரா துப்பாக்கி மாதிரி ஒண்ணை நீட்டுவாங்க. நீட்டட்டும், தப்பில்ல. விடியக்காலம் ஜீப்புல நெருக்கியடிச்சு ஏலத்தோட்டத்துக்குப் போற நம்ம பொம்பளைக, சாயந்தரம் திரும்பையில நெத்தியைக் காட்டிட்டு வருதுக. அந்த நோயைச் சுமக்குற பழந்தின்னி வௌவால்தான் மலைக்கு மேலயே பறக்குது, இறங்கி வந்து காட்டுற பழக்கம் அதுக்கு இல்ல. 2018-ல கோழிக்கோட்டுல அந்த நோயைப் பிடிச்சது செக்போஸ்ட்டு இல்லடா. ஒரே வீட்டு ஆளுக அடுத்தடுத்து விழுறதைப் பாத்துச் சந்தேகப்பட்ட டாக்டருக, மணிப்பாலுக்கு மாதிரி அனுப்பிக் கண்டுபிடிச்சாங்க.

போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல? எந்த ஊருன்னு கேக்காத, நாளைக்கும் நான் அங்கதான் போகணும். 'சிறப்புக் காய்ச்சல் வார்டு'ன்னு வாசல்ல புதுப் பிளக்ஸ். கதவுல பூட்டு. சன்னல் வழியா எட்டிப் பாத்தா ஆறு கட்டிலு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைக. ஒரு மெத்தையில பூனை குட்டி போட்டு நாக்கால நக்கிக்கிட்டிருக்கு. சாவி வச்சிருக்கவர் லீவாம். நான் காய்ச்சலோட வராண்டாவுல துண்டை விரிச்சேன்.

அதுக்காக அமைச்சர்கிட்டச் சண்டைக்குப் போயிராத. வந்தா வணக்கம் வை, மாலை போடணும்னா போடு. அடுத்த கிராம சபையில மட்டும் எந்திரிச்சு, மரியாதையா ஒண்ணே ஒண்ணு கேளு: அந்த வார்டு சாவி யாருகிட்ட இருக்கு? அவர் லீவுன்னா மறுசாவி யாருகிட்ட?