ஓசியில் கிடைத்த 150 மெகாஹெர்ட்ஸ்

1999-இல் விவரம் தெரிந்தவர்கள் யாரும் கடையில் போய்க் கம்ப்யூட்டர் வாங்கமாட்டார்கள். ரிச்சி தெருவில் போர்டு ஒரு கடையில், ராம் இன்னொரு கடையில், கேபினெட் வேறொரு கடையில் என்று பொறுக்கியெடுத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அசெம்பிள் செய்வார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறையில் கூடியவர்கள் எல்லோருமே விவரம் தெரிந்தவர்கள். காசுதான் யாரிடமும் இல்லை.

அதற்கு இன்டெல்லே வழி செய்து வைத்திருந்தது. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ, ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. அமெரிக்காவில் 149 டாலர். அதே மாதம் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் விலை அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் இரண்டுக்கும் பெருக்கல் எண் ஒன்றுதான்: நாலரை. போர்டு கொடுக்கும் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கினால் 300, அது செலரான். 100-ஐப் பெருக்கினால் 450, அது பென்டியம். பென்டியத்துக்கு 512 கேபி கேஷ் இருந்தாலும் அது பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் 128 கேபி, சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. ஆக, போர்டை ஏமாற்றி 100 கொடுக்க வைத்தால் போதும். 150 மெகாஹெர்ட்ஸ் ஓசி.

ஏமாற்றுவதற்குத் தேவைப்பட்டது செலோ டேப். செலரான் சிப்பைத் தாங்கி, போர்டின் ஸ்லாட்டில் செருகும் அட்டையின் விளிம்பில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அதில் பி21 என்ற பட்டையை மட்டும் மறைக்க வேண்டும். பிளேடால் டேப்பை நூல் அகலத்துக்குச் சீவி, பக்கத்துப் பட்டையில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவோம். ஸ்லாட்டில் செருகும்போது டேப் சுருண்டுகொள்ளும். திரும்பக் கழற்று, திரும்பச் சீவு. நகப்பூச்சு தடவியவர்களும் உண்டு. ஆம்பளைகள் மேன்ஷனில் அதற்கு எங்கே போவது? ஏபிட் பிஎச்6 போர்டு வாங்க வசதி இருந்தவர்கள் பயாஸ் திரையிலேயே 100 என்று மாற்றிவிட்டு எங்களை இளக்காரமாகப் பார்த்தார்கள்.

எல்லாச் சிப்பும் 450-ஐத் தாங்காது. அதனால் கடையில் பெட்டியைத் திருப்பி, செய்த இடம் மலேசியாவா, கோஸ்டாரிகாவா என்று ஜாதகப் பொருத்தம் பார்ப்போம். கடைப்பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பொண்ணா பாக்குறீங்க? புடிச்சா எடுங்க, ஆள் நிக்குது" என்பான்.

வந்து ஓட்டினால் நடுராத்திரியில் ஜம்மென்று ஓடும். பை மதிப்பைப் பத்து லட்சம் தசம இடங்களுக்குக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, முடிகிறவரை விழித்திருப்போம். கத்திரி வெயில் மதியத்தில் அதே மெஷின் நீலத் திரையைக் காட்டும். கேபினெட் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினோம். மனுஷர்களுக்கு விசிறி அட்டை.

இத்தனையும் எதற்கு? வின்ஆம்பில் பாட்டு கேட்க. 300-இலும் 450-இலும் ரஹ்மான் ஒரே வேகத்தில்தான் பாடினார்.

2000-இல் ஏஎம்டியின் டியூரான் வந்தது. அதற்கு டேப்கூட வேண்டாம், பென்சில் போதும். சிப்பின் மேலுள்ள எல்1 என்ற பாலங்களை நடராஜ் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டு இணைத்தால் பெருக்கல் எண்ணின் பூட்டு திறந்துகொள்ளும்.

கம்பெனிக்காரன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்? 2010-இல் இன்டெல், பூட்டில்லாத சிப்புகளுக்குக் கடைசியில் கே என்ற எழுத்தைப் போட்டுக் கூடுதல் விலை வைத்தது. அதே ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போய், பென்டியம் ஜி6951 என்ற சிப்பை வாங்கியவர்களுக்கு 50 டாலருக்கு ஒரு கார்டு விற்றது. கார்டிலுள்ள எண்ணை அடித்தால், ஏற்கெனவே சிப்புக்குள் இருந்த கேஷில் 1 எம்பியும் ஹைப்பர் த்ரெடிங்கும் விழித்துக்கொள்ளும். நாங்கள் டேப்பில் செய்ததை அவர்கள் ரீசார்ஜ் கூப்பனில் செய்தார்கள். திட்டம் அதிக நாள் ஓடவில்லை என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு.

இப்போது அக்கா பையனுக்குச் சிக்கன விலையில் ஒரு மெஷின். கோர் ஐ3-12100எஃப்; நாலு கோர். "மாமா, இதை எவ்வளவுக்கு ஏத்தலாம்?" என்றான்.

"ஏத்த முடியாதுடா, பூட்டியிருக்கு. 3.3 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 4.3 வரைக்கும் அதுவே ஏறிக்கும்."

"அப்ப நாம என்ன பண்றது?"

ஒன்றுமில்லை. சூடு, மின்சாரம் எல்லாவற்றையும் அளந்து பார்த்து, நாங்கள் ராத்திரியெல்லாம் விழித்துச் செய்த வேலையைச் சிப்பே நொடிக்கு நொடி செய்துகொள்கிறது. ஏஎம்டியின் பெரும்பாலான ரைசன்களில் பூட்டில்லைதான், ஆனால் அதுவும் பெட்டியிலிருந்து வரும்போதே விளிம்பில் நிற்கிறது, நமக்கென்று மிச்சம் வைப்பதில்லை. என் ரைசனின் பயாஸுக்குள் இப்போதும் போகிறேன், மின்னழுத்தத்தைக் குறைக்க. ஃபேன் சத்தம் தாங்கவில்லை. கரண்ட் பில்லும்.

சிக்கனமாக வாங்குகிறவர்கள், இப்படி வேகத்தை ஏற்றும் ஓவர்கிளாக் ஆசையில் கே சிப்புக்கும், அதற்கென்றே தேவைப்படும் இசட் வரிசை போர்டுக்கும், பெரிய கூலருக்கும் காசைக் கொட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் 16 ஜிபி ராமும் நல்ல எஸ்எஸ்டியும் போடுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப்போவதில்லை என்றால், பெயரின் கடைசியில் எஃப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எஃப் இருந்தால் மானிட்டரில் ஒன்றும் வராது.