கடல் தெரியும் படுக்கை

கேள்வி: ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஸுக்கு மோட்டார்ஹோமில் போகிறோம். கடலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி, ராத்திரி இலவசமாகத் தூங்க இடம் கிடைக்குமா?

பதில்: இடம் கிடைக்கும், தூக்கம் கிடைக்காது. நள்ளிரவில் கதவைத் தட்டுவது அலை அல்ல, போலீஸ்!

அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் வண்டிக்குள் இரவு தங்கக்கூடாது என்று 2021 ஜனவரியில் அங்கே சட்டம் வந்தது. அதே வருடம் சற்று இறங்கிவந்து, ஒரு நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம் வரை தங்கலாம் என்றார்கள். ஆனால் கடலோரத்துக்கும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கும் சலுகை இல்லை. அதாவது, நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அது நீங்கலாக!

இதில் ஒரு வேடிக்கை. இரவு 9 முதல் காலை 7 வரை உள்ளே ஆள் இருந்தால்தான் அது 'தங்கல்'. ஆக, வண்டி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், நீங்கள்தான் கூடாது. வெளியே நாற்காலி, மேசை, பந்தல் என்று விரித்தால் கதையே வேறு. அது முகாம் கணக்கு.

கட்டணம் கட்டி நிற்கும் இடங்கள், லாகோஸ் இருக்கும் அல்கார்வ் பகுதியில் நிறைய உண்டு. தண்ணீர் பிடிக்கலாம், கழிவைக் கொட்டலாம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வண்டிக்காரரின் துவைத்த துணி தெரியும். கடல் பார்க்க, பகலில் நடந்து போங்கள்.